மகுடத்துக்கும் கணவர் வேண்டுமா?

பத்திரிகைத் துறையில் காலடி எடுத்துவைத்த நாள் முதல் அழகுராணிப் போட்டிகள் மீது எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஆசிரிய பீடத்தில் கடமையாற்றிய காலத்தில் அழகுராணிகளின் படங்கள் கொழும்பிலிருந்து வந்து சேரும். உட்பக்கத்தில் விளம்பரம் கிடைக்காமல் வெற்றிடம் விழுந்தால் நிரப்ப உதவும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நான் சிந்தித்தது கிடையாது. முடிசூட்டப்பட்ட பெண் புன்னகைப்பார். வறிய சிறுவர்களுக்கு உதவுவதே தமது இலட்சியம் என்பார். ஆண்டு மாறும்; பெயர் மாறும்; பதில் மட்டும் மாறாது.

அவ்வாறான ஒரு மேடையிலிருந்து, வாழைச்சேனையில் வாழும் எங்கள் பெண்களைப் பற்றிய ஒரு கேள்வி எழும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. அது எழுந்தது 2021 ஏப்ரல் 4 ஆம் திகதி இரவு.

கொழும்பு தாமரைத் தடாகம் அரங்கில் அன்று 'திருமதி ஸ்ரீலங்கா' இறுதிப் போட்டி நடைபெற்றது. தொலைக்காட்சியில் நாடு பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதைய பிரதமரின் பாரியாரும், 1973 இல் ஸ்ரீலங்கா அழகுராணியாகத் தெரிவானவருமான ஷிராந்தி ராஜபக்ஷ விருந்தினர் வரிசையில் இருந்தார். புஷ்பிகா டி சில்வா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு மகுடம் சூட்டப்பட்டார். சில நிமிடங்களில், 2019 ஆம் ஆண்டின் வெற்றியாளரும் அப்போது திருமதி உலக அழகிப் பட்டத்தை வகித்தவருமான கரோலைன் ஜூரி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். திருமணமாகி விவாகரத்துப் பெற்றவர்களுக்குப் போட்டி விதிகள் இடமளிப்பதில்லை என்றும், ஆகவே மகுடம் இரண்டாம் இடத்தைப் பெற்றவருக்கே உரியது என்றும் அறிவித்தார். புஷ்பிகாவின் தலையிலிருந்த மகுடத்தை, கூந்தலோடு சிக்கியிருந்த நிலையிலேயே கழற்றி எடுத்து, அருகில் நின்றவரின் தலையில் வைத்தார். புஷ்பிகா எதுவும் பேசாமல் மேடையை விட்டு இறங்கிச் சென்றார்.

அதன் பின்னர் நடந்தவற்றை உலகப் பத்திரிகைகள் யாவும் எழுதின. புஷ்பிகா தலையில் ஏற்பட்ட காயத்துக்குச் சிகிச்சை பெற்றார். கணவரைப் பிரிந்து வாழ்கிறாரே தவிர அவர் விவாகரத்துப் பெற்றவர் அல்லர் என்பது உறுதிப்படுத்தப்பட்டது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கோரி, இரண்டு நாட்களில் மகுடத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தனர். ஜூரி பொலிஸாரால் கைது செய்யப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். அதே மாதத்தில் தமது உலகப் பட்டத்தையும் துறந்தார்.

நீதி வென்றது என்று பலரும் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

சற்று நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். மகுடம் எதனால் திரும்பி வந்தது? 'இவர் இன்னும் சட்டப்படி ஒருவரின் மனைவிதான்' என்பது உறுதியானதால் வந்தது. புஷ்பிகாவின் விவாகரத்து வழக்கு முடிந்து தீர்ப்பும் கையில் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும்? மேடையில் மகுடத்தைக் கழற்றிய விதத்தை மாத்திரம் கண்டித்துவிட்டு, விதி விதிதான் என்று எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். கழற்றிய கைக்குத் தண்டனை கிடைத்தது. கழற்றச் சொன்ன விதியை எவரும் கேள்வி கேட்கவில்லை.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். இது திருமணமான பெண்களுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட போட்டி. திருமணமான பெண்ணுக்கு அழகும் ஆற்றலும் முடிந்துவிடுவதில்லை என்று காட்டுவதே இதன் நோக்கம் என்பார்கள். இலங்கைக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. 1984 இல் திருமதி உலக அழகியாகத் தெரிவான ரோஸி சேனாநாயக்க பின்னர் அரசியலில் பிரவேசித்து, 2018 இல் கொழும்பு மாநகரின் முதலாவது பெண் முதல்வரானார். ஒரு போட்டிக்குத் தகைமை வரையறை இருப்பதில் தவறில்லை என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த வரையறை ஒரு பெண் எதைச் செய்தாள் என்பதை அளக்கவேண்டும். அவளை விட்டு எவர் போனார் என்பதை அளக்கக்கூடாது. இரண்டு பெண்கள் ஒரே விதமாகப் பிள்ளை வளர்க்கிறார்கள், ஒரே விதமாக உழைக்கிறார்கள். ஒருத்தியின் கணவர் வீட்டில் இருக்கிறார், மற்றவளின் கணவர் இல்லை. முன்னவள் திருமதி, பின்னவள் தகுதியற்றவள் என்றால், போட்டியிட்டது அந்தப் பெண்ணா, அவளுடைய கணவரா?

எங்கள் நாட்டின் சட்டத்தையும் இங்கே மறந்துவிடக்கூடாது. 1907 ஆம் ஆண்டின் பொதுத் திருமணச் சட்டத்தின்படி விவாகரத்துப் பெறவேண்டுமானால் பிறர்மனை சேர்தல், தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லுதல், குணப்படுத்த முடியாத ஆண்மைக் குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு அதில் இடமில்லை. வழக்குக்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆகவேதான் வாழ்க்கையில் எப்போதோ முடிந்துபோன திருமணங்கள் பல, கடதாசியில் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

கடதாசி என்றதும் எனக்கு வாழைச்சேனைதான் நினைவுக்கு வரும். கடதாசி ஆலையால் பெயர் பெற்ற ஊர் எங்களுடையது. அந்த ஊரிலேயே ஒரு கடதாசித் துண்டுக்காகப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, எங்களுக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையிலுள்ள வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அன்று கைக்குழந்தையோடு நின்ற மனைவிமார் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அந்தப் பெண்கள் யார்? மனைவியரா, கைம்பெண்களா?

மரணச் சான்றிதழ் பெற்றால் இழப்பீடு கிடைக்கும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பலர் மறுத்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வாறான ஒரு தாயிடம் காரணம் கேட்டேன். "அவர் செத்தத நான் கண்டனா மகன்? காணாத ஒண்டுக்கு எப்பிடி நான் கையெழுத்து வைக்கிற?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆள் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலேயே, காணக் கிடைக்கவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் வழி திறக்கப்பட்டது. 1990 இலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறு ஆண்டுகள்.

அந்தத் தாய் மேலும் ஒன்றைச் சொன்னார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்தப் படிவத்தை எடுத்தாலும் 'கணவரின் பெயர்' என்று ஓர் இடம் இருக்கும். பெயரை எழுதினால் 'அவரைக் கூட்டிவாருங்கள்' என்பார்கள். எழுதாமல் விட்டால் 'ஏன் எழுதவில்லை' என்பார்கள். மேடையில் மகுடத்தைப் பறிகொடுத்து இறங்கிச் சென்ற புஷ்பிகாவைக் கண்டபோது எனக்கு இந்தத் தாய்தான் நினைவுக்கு வந்தார். ஒருவர் கொழும்பு அரங்கில் ஒளிவெள்ளத்தில் நின்றார். மற்றவர் அலுவலக வாசலில் வெயிலில் நின்றார். இருவரிடமும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்.

இதில் எங்கள் மண்ணுக்குரிய ஒரு முரணும் இருக்கிறது. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதிக் கொடுப்பார்கள். திருமணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி தாய் வழியால் வரும். 'வயிற்றுவார்' என்று அதற்கு எங்கள் முன்னோர் பெயரும் வைத்தார்கள். தமிழரிடம் மாத்திரமல்ல, எங்கள் பக்கத்து ஓட்டமாவடி முஸ்லிம் மக்களிடமும் வீடு பெண்ணுக்கே என்ற வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அப்படியிருந்தும் 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின் கட்டப்பட்ட வீடுகள், கிழக்கின் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வளவு கடலோடு போனது. அதற்கு ஈடாக வந்த வீடு கணவரின் பெயருக்குப் போனது.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. எங்கள் கல்யாண வீடுகளைப் பாருங்கள். ஆராத்தி எடுப்பதற்கு யாரை அழைக்கிறோம்? தனியே நின்று பிள்ளையை வளர்த்து, படிப்பித்து, மணவறை வரை கொண்டுவந்த தாய் தூணின் மறைவில் நிற்கிறாள். அந்தப் பிள்ளைக்காக ஒரு நாளும் ஒரு துரும்பையும் எடுத்துப் போடாத ஒருத்தி, கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற ஒரே தகைமையில் முன்னே அழைக்கப்படுகிறாள். கரோலைன் ஜூரி ஒரு முறை மேடையில் செய்ததை, நாங்கள் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் செய்கிறோம். எங்களைப் பொலிஸார் கைது செய்வதில்லை என்பதே வித்தியாசம்.

அழகுராணிப் போட்டிகளை நடத்துபவர்கள்கூட மாறிவருகிறார்கள். மிஸ் யுனிவர்ஸ் போட்டியில் நீண்டகாலமாகத் திருமணமானவர்களுக்கும் தாய்மாருக்கும் இடமிருக்கவில்லை. 2018 இல் உக்ரைன் அழகியாகத் தெரிவான வெரோனிகா டிடுசென்கோ, திருமணமாகிப் பிரிந்தவர், ஒரு பிள்ளையின் தாய் என்று தெரியவந்ததும் அந்த நாட்டுப் பட்டத்தை இழந்தார். அவர் இந்த விதிகளுக்கு எதிராகப் பகிரங்கமாகக் குரல் எழுப்பினார். 2023 முதல் மிஸ் யுனிவர்ஸ் அந்தத் தடையை நீக்கிவிட்டது. இலாபத்துக்காக நடத்தப்படும் ஒரு போட்டியால் தனது விதியை மாற்ற முடியுமானால், பண்பாட்டைப் பற்றி ஓயாது பேசும் எங்களால் ஏன் முடியாது?

மகுடம் திரும்பக் கிடைத்தபின் புஷ்பிகா செய்தியாளர்களிடம் பேசினார். தம்மைப் போலப் பிள்ளைகளைத் தனியே வளர்த்துத் துன்பப்படும் தாய்மார் இந்த நாட்டில் ஏராளமாக இருக்கிறார்கள் என்றும், இந்த மகுடம் அவர்களுக்கே சமர்ப்பணம் என்றும் கூறினார். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ அழகுராணிகளின் இலட்சியங்களை அச்சேற்றியிருக்கிறேன். பட்டுப் பார்த்துச் சொல்லப்பட்ட இலட்சியம் என்று நான் நம்பியது இந்த ஒன்றைத்தான். 'நான் இன்னும் மனைவிதான்' என்று நிரூபித்ததோடு அவர் நின்றிருக்கலாம். அது அவருக்கு மகுடத்தைப் பெற்றுத் தந்திருக்கும். வேறு எவருக்கும் எதையும் தந்திராது.

இலங்கையில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பத்தைப் பெண்ணே தலைமை தாங்கி நடத்துகிறாள். அவர்களுக்கு மகுடம் தேவையில்லை. படிவத்தில் அந்த ஓர் இடத்தை வெறுமையாக விட்டாலும் எவரும் நிமிர்ந்து பார்க்காத ஓர் அலுவலகம் போதும். பிள்ளையின் கல்யாணத்தில் முன்வரிசையில் நிற்க ஓர் இடம் போதும். முதலாவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே தொடங்கலாம்.