சதை துடித்தால் சாவு வருமா?

கண் துடித்தால் ஒரு பலன், தோள் துடித்தால் ஒரு பலன், தொடை துடித்தால் ஒரு பலன் என்பதாக நம் மக்கள் வெகுகாலமாய் நம்பி வந்திருப்பது யாவரும் அறிந்த சங்கதியேயாகும். பல்லி விழுந்த பலனுக்குப் பக்கத்திலேயே அங்கம் துடிக்கும் பலனையும் பஞ்சாங்கக்காரன் அச்சடித்து விற்று வருகிறான். அதிலும் ஆணுக்கு வலது கண் துடித்தால் நன்மையாம்; பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நன்மையாம். சிலப்பதிகாரத்தில்கூட இந்திர விழாவின் முடிவில் கண்ணகிக்கு இடது கண்ணும் மாதவிக்கு வலது கண்ணும் துடித்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நல்ல சகுனம் கண்ட கண்ணகிக்குக் கிடைத்த நன்மை என்னவென்றால், புருஷன் திரும்பி வந்து, அவளை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போய், அங்கே வெட்டுப்பட்டுச் செத்ததுதான். இந்த லட்சணத்தில் இருக்கிறது துடிப்பின் பலன்!

இந்த சாஸ்திரத்தைப் பற்றி நாம் இப்போது விஸ்தரிக்கப் போவதில்லை. பஞ்சாங்கத்தைக் கிழித்தெறிந்த நம் தோழர்களில் சிலரும், பட்டம் பெற்ற படிப்பாளிகளில் பலரும், அதே துடிப்புக்கு வேறொரு பலனைக் கற்பித்துக்கொண்டு, இராத்தூக்கமின்றிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் நாம் எழுத வந்த விஷயம்.

சென்ற மாதம் ஒரு தோழர் நம்மைப் பார்க்க வந்தார். விசைத்தறி வைத்துப் பிழைப்பவர். வயது 35 இருக்கும். புரோகிதனுமில்லாமல் நாளும் பார்க்காமல் கலியாணம் செய்துகொண்டவர். ஊரில் பேய் ஓட்டுகிறவனோடு வாதம் செய்து அவனையே ஓட்டியவர். அப்பேர்ப்பட்டவர் நம் எதிரில் உட்கார்ந்து அழுதார். விஷயம் என்னவென்றால், நான்கு மாதத்துக்கு முன் ஒருநாள் அவருக்கு இடது கெண்டைக்கால் சதை தானாகத் துடித்ததாம். மறுநாளும் துடித்தது. கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்த்தார். முதலில் சோர்வு என்றது. பிறகு சத்துக்குறைவு என்றது. கடைசியில் இயக்க நரம்பணு நோய் என்றது. கையும் காலும் சூம்பி, நாக்கு குழறி, மூச்சும் நின்று சில வருஷங்களில் சாவு என்று அதில் எழுதியிருந்ததைப் படித்தவர் அன்று முதல் மனிதராயில்லை.

இரவில் மனைவி தூங்கிய பிறகு தையற்காரனிடம் வாங்கி வந்த டேப்பை எடுத்துக் கெண்டைக்கால் இரண்டையும் அளப்பாராம். கால் அங்குலம் வித்தியாசமிருந்தால் அன்று முழுவதும் தறி ஓடாது. வாசலில் குதிகாலால் ஒரு நடை, முன்னங்காலால் ஒரு நடை நடந்து பார்ப்பாராம். கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்து நாக்கு துடிக்கிறதா என்று பார்ப்பாராம். நரம்பு டாக்டர்கள் மூன்று பேரிடம் போயிருக்கிறார். ஒருவர் சதையில் ஊசி செலுத்தி மின்சார சோதனையும் செய்திருக்கிறார். மூவரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் தோழர் கேட்கிறார்: “அவர்கள் சரியாய்ப் பார்க்காமல் விட்டிருந்தால் என்னங்க செய்வது?”

அவருடைய தாயார், “மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கோ கண்ணு, சரியாப் போகும்” என்று சொன்னதற்கு அந்த அம்மாளை முட்டாள் என்று ஏசினாராம். நாம் அவரைக் கேட்டோம்: “தோழரே! உங்கள் தாயார் கண் துடித்தால் கெடுதி வரும் என்கிறார். நீங்கள் கால் துடித்தால் சாவு வரும் என்கிறீர்கள். யார் மூட நம்பிக்கைக்காரர்?” தமது பயம் விஞ்ஞானம் என்றார் அவர். அந்த விஞ்ஞானத்தைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சதை என்பது தானாக இயங்குவதல்ல. முதுகுத் தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பிழையும் ஒரு கற்றைச் சதைநாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இழையில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கற்றை சுருங்குகிறது. இத்தாலி தேசத்தில் பொலோஞா நகரத்து கால்வானி என்பவர் செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்கவைத்துக் காட்டி 1791ல் எழுதிவைத்தார். செத்த தவளைக்கு நன்மையென்ன, கெடுதியென்ன? இந்த நரம்பிழை சில சமயம் நாம் ஏவாமலே தானாக ஒரு தரம் மின்சாரத்தை விடுகிறது. அப்போது தோலுக்குக் கீழே புழு நெளிவதுபோல் சதை துடிக்கிறது. சங்கதி இவ்வளவுதான். தூக்கம் கெட்டால் துடிக்கும். காப்பியும் டீயும் மிஞ்சினால் துடிக்கும். மூட்டை தூக்கினாலும், நாள் முழுதும் தறியில் நின்றாலும் துடிக்கும். சில மருந்துகளாலும் துடிக்கும். தைராய்டு சுரப்பி அதிகமாய் வேலை செய்தாலும் துடிக்கும். 1963ல் அமெரிக்க டாக்டர்கள் இருவர் சுகமாயிருக்கும் மனிதர்களை விசாரித்து எழுதிய கணக்கில் நூற்றுக்கு எழுபது பேர் தங்களுக்குச் சதை துடிப்பதுண்டு என்றே சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும்போது நமக்கே இடது கண்ணிமை இரண்டு நாளாய்த் துடித்துக்கொண்டிருக்கிறது. ராத்திரி அச்சுப்பிழை திருத்தியதன் பலனேயொழிய வேறில்லை.

நிற்க, தோழர் பயப்படும் அந்த வியாதி பொய்யா என்றால், பொய்யல்ல. மகா கொடிய வியாதிதான். பாரிஸ் நகரத்து ஷார்க்கோ என்ற வைத்தியர் 1869ல் அதை விவரித்தார். அமெரிக்காவில் பேர்போன பந்தாட்டக்காரரான லூ கெரிக் 1941ல் அதனால் மாண்டார். இங்கிலாந்தின் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் அந்த வியாதி 1963ல் தெரிந்த பிறகும் 2018 வரை வாழ்ந்தார் என்றாலும் அது வெகு அபூர்வம். 1995ல் அனுமதிக்கப்பட்ட ஒரு மருந்து சில மாதம் ஆயுளை நீட்டுகிறதேயல்லாமல் அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் கிடையாது. இதையெல்லாம் மறைத்துவிட்டு “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று சொல்வது நம் வழக்கமல்ல.

ஆனால் அந்த வியாதியின் அடையாளம் எது? துடிப்பா? அல்ல. பலக்குறைவுதான் அடையாளம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போகும், கையிலுள்ள டம்ளர் நழுவும், பாதம் தொங்கித் தடுக்கும், பேச்சுக் குழறும், சதை கண்ணுக்குத் தெரிய வற்றும். இவற்றோடு சேர்ந்து துடிப்பும் இருக்கும். பலம் குறையாமல், டாக்டர் தட்டியும் குத்தியும் பார்த்துக் குற்றம் காணாமல், வெறும் துடிப்பு மாத்திரம் இருப்பவர்களின் கதி என்ன என்பதை அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலை டாக்டர்கள் விசாரித்திருக்கிறார்கள். 121 பேரை, சிலரை இரண்டு வருஷமும் சிலரை முப்பத்திரண்டு வருஷம் வரையிலும் கவனித்து 1993ல் வெளியிட்டார்கள். அந்த 121 பேரில் ஒருவருக்காவது அந்த வியாதி வரவில்லை. ஐரோப்பாக் கணக்குப்படி அந்த வியாதி ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. துடிப்போ நூற்றுக்கு எழுபது பேருக்கு! அந்த வியாதிக்காரனுக்குச் சதை துடிக்கிறது என்பதால் சதை துடிக்கிறவனெல்லாம் அந்த வியாதிக்காரன் என்று சொல்வது, மாப்பிள்ளை வேட்டி கட்டியிருக்கிறான், ஆகையால் வேட்டி கட்டினவனெல்லாம் மாப்பிள்ளை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

கைப்பேசி பொய் சொல்லவில்லையே என்று கேட்கலாம். ஜோசியன்கூட எப்போதும் பொய் சொல்வதில்லை. நூறு சொல்லிப் பத்து பலித்தால் அந்தப் பத்தையே ஊரெல்லாம் சொல்லச் செய்கிறான். அதுபோலவே, கால் துடித்து இரண்டு மாதத்தில் தானே நின்றுபோனவன் அதைப்பற்றி எங்கும் எழுதப் போவதில்லை. கால் துடித்துக் கஷ்டப்பட்டவன் எழுதுகிறான். எழுதினதுதான் தேடினவன் கண்ணில் படுகிறது. நடுநிசியில் “துடிப்பு, சாவு” என்று சேர்த்துத் தேடுகிறவனுக்கு இரண்டும் சேர்ந்தேதான் கிடைக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பயப்படுகிறவனுடைய உடம்பில் பயத்தின் சுரப்பு ஊறுகிறது. அது நரம்பை உசுப்பிவிடுகிறது. உசுப்பினால் சதை இன்னும் துடிக்கிறது. துடித்ததும் பயம் ஏறுகிறது. அல்லாமலும், நாள் முழுதும் ஒரு காலையே கவனித்துக்கொண்டிருப்பவனுக்கு முன்னே தெரியாத துடிப்பெல்லாம் தெரிய வருகிறது. நம் தோழருக்கு முதலில் கெண்டைக்காலில் மட்டுந்தான் இருந்ததாம். படித்த பிறகு தோள், தொடை, கட்டைவிரல் எங்கும் வந்துவிட்டதாம். இதற்குப் படிப்பும் தடையல்ல. டாக்டர்களுக்கே இந்தத் துடிப்புப் பயம் வருவதைக் கண்டு அதற்கென ஒரு பெயர் வைத்து 1913 அல்ல, 2013ல் ஆஸ்திரேலிய டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். வியாதிகளின் பெயரை ஜாஸ்தியாய்த் தெரிந்து வைத்திருப்பவனுக்குப் பயப்பட விஷயமும் ஜாஸ்தி.

இவ்வளவும் சொன்னதால் இப்படிப் பயப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பிரான்சு தேசத்து மோலியேர் என்பவர் இல்லாத வியாதியை இருப்பதாக எண்ணித் திரிகிறவனைக் கேலி செய்து நாடகம் எழுதி, தாமே அந்த வேஷம் போட்டு, 1673ல் நாலாவது ஆட்டத்தன்று மேடையிலேயே இருமல் கண்டு அன்றிரவே மாண்டார். அவருக்கு இருந்தது மெய்யான வியாதி! நம் ஊர்களில் இப்படிப்பட்டவனை “வேலையில்லாத வியாதி”, “தின்று கொழுத்த வியாதி” என்று பரிகாசம் செய்கிறார்கள். இது அயோக்கியத்தனமென்றே சொல்லுவோம். நான்கு மாதம் தூங்காதவனுடைய கஷ்டம் கஷ்டமல்லவா? கால் வியாதி பொய், பயம் பொய்யல்ல. அந்தப் பயமும் ஒரு வியாதியென்றும், அதற்குப் பேசித் தெளியவைக்கும் சிகிச்சையும் வேண்டுமானால் மருந்தும் உண்டென்றும் வைத்தியம் சொல்லுகிறது. ஆனால் மன வைத்தியரிடம் போ என்றால் “என்னைப் பைத்தியம் என்கிறாயா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். வயிற்று வைத்தியரிடம் போக வெட்கப்படாதவன் மன வைத்தியரிடம் போக ஏன் வெட்கப்படவேண்டும் என்று கேட்கிறோம். ஜில்லா தலைமை ஆஸ்பத்திரியில் அதற்கு இடமிருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்களுக்காக இந்திய சர்க்கார் 2022ல் 14416 என்ற தொலைபேசி எண்ணையும் ஏற்படுத்தியிருக்கிறது. அதற்குக் காசில்லை.

காசு பிடுங்குகிற கூட்டம் வேறு. பஸ் நிலையச் சுவரெல்லாம் “நரம்புத் தளர்ச்சி” என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்து, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து, பயந்து வருகிறவனுடைய பயத்தை இரண்டு மடங்காக்கி லேகியம் விற்று அனுப்புகிறார்களே, அவர்களைத்தான் சொல்லுகிறோம். 1954லேயே இப்படிப்பட்ட மருந்து விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் செய்து, நரம்புத் தளர்ச்சியையும் பக்கவாதத்தையும் அதன் அட்டவணையில் பேர் சொல்லியே சேர்த்தார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; விளம்பரம் சுவரில் இருக்கிறது. இவர்களுக்குச் சளைக்காமல், கோட்டுப் போட்டுக்கொண்டு, தலை முதல் கால் வரை படம் பிடித்துப் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிடுகிறவர்களும் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். தேவையில்லாத சோதனையில் தேவையில்லாத ஒரு புள்ளி தெரியும். அந்தப் புள்ளிக்காக இன்னொரு சோதனை. தாயத்துக்காரனாவது ஐம்பது ரூபாயோடு விடுவான்.

இதற்கு நேர் மாறாக, மெய்யாகவே கை பலம் குறைந்து, பாதம் தடுக்கி, பேச்சுக் குழறுகிறவன் வீட்டில் என்ன நடக்கிறதென்றால், “வாயுப் பிடிப்பு” என்று எண்ணெய் தேய்க்கிறார்கள், “செய்வினை” என்று எலுமிச்சம்பழம் அறுக்கிறார்கள், குலதெய்வத்துக்குக் கிடா நேர்ந்துகொள்ளுகிறார்கள். பயப்பட வேண்டாதவன் மூன்று டாக்டரைப் பார்க்கிறான். பார்க்க வேண்டியவன் பூசாரியைப் பார்க்கிறான். பலக்குறைவு கண்டால் உடனே போகவேண்டும். அது அந்தக் கொடிய வியாதியாகவே இருக்கவேண்டுமென்பதுமில்லை. கழுத்தெலும்பு நரம்பை நசுக்குவது போன்ற, தீர்க்கக்கூடிய காரணங்களும் உண்டு.

நம் தோழருக்கு நாம் சொன்னது இதுதான். ஆதாரம் காட்டு என்று பேய் ஓட்டுகிறவனைக் கேட்டீர்கள், அவன் காட்டவில்லை, ஆகையால் பேய் இல்லை என்றீர்கள். இப்போது மூன்று டாக்டர்கள் ஆதாரம் காட்டி வியாதியில்லை என்கிறார்கள். அதை ஏற்கமாட்டேன் என்கிறீர்கள். டேப் பத்து தரம் சரியென்று சொன்னாலும் பதினோராம் தரம் அளக்கிறீர்கள் என்றால், அளப்பது தெரிந்துகொள்ளுவதற்கல்ல, ஜபமாலை உருட்டுவது போன்றதுதான். ஒரு மாதம் அளக்காமலும் தேடாமலும் இருந்து பாருங்கள், மன வைத்தியர் ஒருவரையும் பாருங்கள் என்றோம். தாயாரை ஏசினதற்கு மன்னிப்புக் கேட்கும்படியும் சொன்னோம். அந்த அம்மாள் கயிறு கட்டச் சொன்னது தப்பென்றாலும், மகன் பயந்திருக்கிறான் என்பதை வீட்டில் முதலில் கண்டுகொண்டது அவர்தான்.

போன வாரம் கடிதம் எழுதியிருக்கிறார். மன வைத்தியரிடம் மூன்று தடவை போய்வந்தாராம். டேப்பை மகள் பள்ளிக்கூட வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டாளாம். டீயை இரண்டாகக் குறைத்திருக்கிறாராம். இரவில் ஐந்து மணி நேரம் தூக்கம் வருகிறதாம். கெண்டைக்கால் இன்னும் துடிக்கத்தான் செய்கிறதாம்.