பிள்ளைகளின் அறைக்கு என்ன நிலம் போடுவது?



இம்முறை நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம். ஊரில் விட்டுவிட்டு வந்த காணி பூமியைச் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே பிள்ளைகள் இருந்து விளையாடுகின்ற, கொப்பியை விரித்து வைத்துப் படிக்கின்ற நிலத்தைத்தான் சொல்கின்றோம். புதிதாக வந்து குடியேறிய சில குடும்பத்தினர் "பிள்ளைகளின் அறைக்கு என்ன போடலாம்?" என்று எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் இந்த விடயத்தில் முதலில் பிழைவிட்டு, காசையும் இழந்து, பிறகுதான் படித்தோம். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகின்றோம்.

ஊரில் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை. முந்தி சாணி போட்டு மெழுகினோம், பிறகு சீமெந்து போட்டோம். வெயில் காலத்தில் அந்தச் சீமெந்து நிலத்தில் வெறும் மேலோடு படுத்தாலே சுகமாக இருக்கும். எங்கள் பாட்டன் காலத்துப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிலத்தில் இருந்து, மணலில் விரலால் எழுதியே எழுத்துப் படித்தார்கள். 1790களில் சென்னை எழும்பூரில் படையினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இந்த மணல் எழுத்தைக் கண்டு தன் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். பிறகு இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களிலும் அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. ஆகவே நிலத்தில் இருந்து படிப்பதை எங்கள் பிள்ளைகள் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் ரொறன்ரோ நிலம் வேறு. எங்களில் பலர் பேஸ்மென்றில் குடியிருக்கின்றோம். அங்கே காலுக்குக் கீழே கொங்கிறீற், அதற்குக் கீழே குளிர்ந்த ஈர மண். நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம், கதிரையில் இருப்போம், கட்டிலில் படுப்போம். சின்னப் பிள்ளைகள்தான் நாள் முழுவதும் அந்த நிலத்தோடு கிடப்பவர்கள். 2020 பங்குனியில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது எத்தனையோ பேஸ்மென்ற் அறைகள் வகுப்பறைகளாகின. வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை ஒன்ராறியோச் சட்டம் அனுமதிக்கின்றது. ஒவ்வொரு வருடமும் கல்விச் சபைக்குக் கடிதம் மூலம் அறிவித்தால் போதும். பள்ளிக்கு அனுப்புகின்றவர்களுக்கும் பின்னேரத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்க ஒரு மூலை வேண்டும்.

நாங்கள் வேலை செய்கின்ற பக்ரறியில் மெசினுக்கு முன்னால் ஒரு தடித்த றப்பர் பாய் போட்டிருக்கின்றார்கள். எட்டு மணித்தியாலம் கொங்கிறீற்றில் நின்றால் காலும் இடுப்பும் போய்விடும் என்று முதலாளிக்கே தெரிந்திருக்கின்றது. அந்தப் பாயில் நின்றுகொண்டு ஒருநாள் யோசித்தோம்: எங்கள் பிள்ளைகளுக்குக் கீழே நாங்கள் என்ன போட்டிருக்கின்றோம்?

அந்த யோசனையில் ஓடிப்போய் வாங்கியதுதான் முதற்பிழை. ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்றில் ஒரு சின்ன அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். கடையில் மலிவாகக் கிடைத்த மிச்சக் கார்ப்பெற் ஒன்றைக் கொண்டுவந்து சுவருக்குச் சுவர் விரித்தோம். பார்க்க வடிவாக இருந்தது. பிள்ளைகளுக்கும் புழுகம்.

2024 ஆடி 16ஆம் திகதி மழை கொட்டியது. பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர். டொன் வலி பெருந்தெருவில் கார்கள் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் அறையில் சுவரோரமாகத்தான் தண்ணீர் கசிந்தது. துவாயால் ஒற்றி எடுத்து, காற்றாடி போட்டோம். இரண்டு நாளில் மேற்பக்கம் காய்ந்துவிட்டது. பிரச்சினை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மூன்று கிழமைக்குப் பிறகு இளையவனுக்கு இருமல். மருந்து கொடுத்தும் விடவில்லை. டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "பிள்ளை விளையாடுகின்ற நிலத்தில் என்ன போட்டிருக்கின்றீர்கள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கார்ப்பெற்றின் ஒரு மூலையைத் தூக்கினோம். கீழே கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்து கிடந்தது. இரண்டு நாளுக்கு மேல் ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டுதான் பிள்ளை கார் உருட்டி விளையாடியிருக்கின்றான்.

வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தோம்.

"அண்ணை, சின்னவனுக்கு இருமல் விடுகுதில்லை. கார்ப்பெற்றுக்குக் கீழே பூஞ்சணம். ஒருக்கால் வந்து பாருங்கோ."

"தம்பி, அது நீர் போட்ட கார்ப்பெற் எல்லோ?"

"கார்ப்பெற் என்ரைதான் அண்ணை. தண்ணி சுவராலை வந்தது."

வந்து பார்த்தார். சுவரை மணந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வெடிப்பை நான் அடைப்பிக்கிறன். நிலத்துக்குச் சாமானும் வாங்கித் தாறன். வேலையை நீர் செய்வீரோ?" என்று கேட்டார். நாங்கள் ஓம் என்றோம். எல்லோருக்கும் இப்படிப்பட்ட வீட்டுக்காரர் அமைவதில்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்திருங்கள்: 2006ஆம் ஆண்டின் ஒன்ராறியோ வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. குடிவரும்போதே குறையைக் கண்டிருந்தாலும் அந்தப் பொறுப்பு மாறாது. திகதி போட்டு எழுத்தில் அறிவியுங்கள். படம் எடுத்து வைத்திருங்கள். அவர் அசையாவிட்டால் 311 இலக்கத்துக்கு அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இனி, நாங்கள் படித்ததை வரிசையாகச் சொல்கின்றோம்.

முதலில் கீழே பாருங்கள். கடைக்குப் போக முன்னரே ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்ரிக் துண்டொன்றை வெறும் கொங்கிறீற்றில் வைத்து, நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தூக்கிப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கொங்கிறீற் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழேயிருந்து வருகின்றது. சுவரோரத்தில் உப்புப் போல வெள்ளைத்தூள் படிந்திருப்பதும் அதே அறிகுறிதான். ஈரத்துக்கு வழி பார்க்காமல் எதைப் போட்டாலும் வீண்காசு. சொந்த வீடு வாங்கியவர்கள், கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு பூட்டுவதற்கு மாநகரசபை உதவித்தொகை கொடுக்கின்றது என்பதையும் விசாரியுங்கள்.

இரண்டாவது, பழைய ரைல்ஸைக் கிளப்பாதீர்கள். ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகள் ஏராளம். அந்தக் காலத்து ஒன்பது அங்குலச் சதுர ரைல்ஸிலும் அதன் அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அசையாமல் கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், சுரண்டினால், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கனடா இதை 2018இன் கடைசியில்தான் தடைசெய்தது. அஸ்பெஸ்ரஸ் என்றே பெயர் வைத்திருந்த கியூபெக் ஊர் ஒன்று 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. சந்தேகம் என்றால் சோதிப்பித்துப் பாருங்கள்; அல்லது கிளப்பாமல் அதன் மேலேயே போடுங்கள்.

மூன்றாவது, எதைத் தெரிவது? கார்ப்பெற் சூடாக இருக்கும், சத்தத்தையும் அடக்கும். மேல்மாடிகளில் இருப்பவர்களுக்கு நல்லது. பேஸ்மென்றுக்கு உதவாது. லமினேற் பார்க்க மரம் போல இருந்தாலும் உள்ளே அமுக்கிய மரத்தூள்தான். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும். அதில் போர்மல்டிகைட் என்ற வாயுவும் வெளிவரலாம். 2023 தை மாதம் தொடக்கம் கனடா இந்த வகைப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துள்ளது.  ஆகவே வாங்கும்போது லேபிளைக் கேட்டுப் பாருங்கள். லினோலியம் ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து செய்வது. 1860களில் இங்கிலாந்தில் பிறந்தது. உறுதியானது, ஆனால் விலை கூட. வினைல் தண்ணீருக்குத் தாங்கும், துடைக்கலாம், ஆனால் குளிரும். எதை வாங்கினாலும் புது மணம் போகும்வரை யன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைச் சில நாள் வெளியே வைத்திருங்கள்.

துண்டு துண்டாகப் பூட்டுகின்ற ஃபோம் பாயைப் பலரும் வாங்குகின்றோம். 2010இல் பெல்ஜியம் அதில் சிலவற்றை ஃபோமமைட் என்ற இரசாயனம் காரணமாகத் தடைசெய்தது. மூக்கில் அடிக்கும் மணம் இருந்தால் வாங்காதீர்கள். வாங்கினாலும் கிழமைக்கு ஒருமுறை தூக்கி அடியைத் துடையுங்கள்.

நாங்கள் செய்தது இது. அறை நீளம் 11 அடி, அகலம் 10 அடி. பெருக்கினால் 110 சதுர அடி. வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் கூட்டினால் 121. அடிப்பக்கத்தில் குமிழ் குமிழான பிளாஸ்ரிக் ஒட்டிய, இரண்டடிச் சதுரப் பலகைகள் கடையில் கிடைக்கும். அவற்றில் 31 வாங்கி, ஈரம் தங்காமல் காற்றுப் போகும்படி கொங்கிறீற்றின் மேல் போட்டோம். அதன்மேல் பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வினைல் பலகை. சுவரோரம் கால் அங்குலம் இடைவெளி விட்டோம். நிலம் ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்ததால் கதவின் அடியையும் சீவ வேண்டியிருந்தது. கூட்டாளி ஒருவருடன் இரண்டு சனிக்கிழமை வேலை.

மேசை இருக்கும் பாதியை வெறுமையாக விட்டோம். பெயின்றும் பசையும் சிந்தினால் துடைத்துவிடலாம். விளையாடும் பாதியில் மெசினில் தோய்க்கக்கூடிய பருத்தி விரிப்பு. அதன்மேல் ஊரிலிருந்து வந்த பன்பாய். வீட்டுக்காரி ஒரு சட்டம் போட்டிருக்கின்றா: "இந்த அறையிலை விரிக்கிறது எல்லாம் எடுத்து உதறக் கூடியதாய் இருக்கவேணும்." கடைக்காரர் சொன்ன அத்தனை புத்தியிலும் அதுவே எங்களுக்குப் பெரிதாகப் படுகின்றது.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: கீழ்வீட்டுக்காரருக்கும் காது இருக்கின்றது. தடித்த விரிப்பும் அதன் கீழே றப்பர் விரிப்பும் போட்டால் சண்டையில்லை. நிர்வாகத்தைக் கேட்காமல் பசை போட்டு எதையும் ஒட்டிவிடாதீர்கள்.

சின்னவனின் இருமல் ஒரே நாளில் மாறவில்லை. மெல்ல மெல்லக் குறைந்து, மார்கழிக்குள் விட்டது. இப்போது பின்னேரங்களில் பன்பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு 'அ' எழுதுகின்றான். நாங்களும் மாதத்துக்கு ஒருமுறை மூலைப் பலகை ஒன்றைக் கழற்றிக் கீழே பார்த்துக்கொள்கின்றோம். நீங்களும் இன்றைக்கு வேலையால் வந்தவுடன் பிள்ளைகளின் அறையில் விரித்திருப்பதை ஒருக்கால் தூக்கிப் பாருங்கள்.

அடுத்த இதழில் குளிர்கால யன்னல்களைப் பற்றி எழுதுவோம்.