பிள்ளையின் இடுப்பு நோவும் பெற்றோரின் கடமையும்

மொழியையும் பண்பாட்டையும் போற்றும் எமது ஆண்டு விழா மலரில் இடுப்பு நோவைப் பற்றி ஒரு கட்டுரையா எனச் சிலர் எண்ணக்கூடும். சனிக்கிழமை காலையில் உதைபந்தாட்டத் திடலிலிருந்து நேரே தமிழ் வகுப்புக்கு வரும் மாணவரையும், வகுப்பு முடிந்ததும் நடன வகுப்புக்கு விரையும் மாணவியரையும் அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

விளையாடும் பிள்ளை நோவென்று சொன்னால் எம்மவர் வீடுகளில் இருவகை மறுமொழிகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. "வளருகிற வயசு, எண்ணெய் பூசினால் மாறிவிடும்" என்பது ஒன்று. "விளையாடினது போதும், புத்தகத்தை எடு" என்பது மற்றது. இவற்றுள் இரண்டாவதே கூடுதல் தீங்கு விளைவிப்பது என்பது என் கருத்து. விளையாட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை நொண்டிக்கொண்டும் ஆடும், வாய் திறவாது.

வாய் திறவாமையால் நேரக்கூடிய கேடு சிறிதன்று. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியினுள் சுழல்கின்றது. வளரும் பருவத்தில் அத்தலையையும் எலும்பின் கழுத்தையும் இணைத்து நிற்பது வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான படலமாகும். ஏறத்தாழ 10 வயது முதல் 16 வயது வரையான பருவத்தில் சிலருக்கு இத்தட்டு விலகி, தலை வழுக்கிவிடுவதுண்டு. உடற்பருமன் மிகுந்த பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வரும். மெலிந்தவர்க்கு வாராது என்பதில்லை. இதில் ஏமாற்றுவது யாதெனில், பிள்ளை இடுப்பைச் சுட்டாமல் முழங்காலையே சுட்டிக்காட்டும். இரண்டு மூட்டுகளுக்கும் செல்லும் நரம்புகள் சில பொதுவானவை என்பதே காரணம். முழங்காலை மட்டும் படம்பிடித்துப் பார்த்துக் குறையில்லை என்று திரும்பிவந்த பிள்ளை தொடர்ந்து நொண்டுமாயின், பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்குமாயின், அன்றைய தினமே இடுப்பையும் பார்க்குமாறு வைத்தியரைக் கேட்டல் வேண்டும். காலூன்றி நடக்கவும் விடலாகாது. தாமதித்தால் எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டமே தடைப்பட்டு, மூட்டு ஆயுள் முழுதும் கெட்டுப்போகலாம்.

இன்னொன்று திடீரென நேர்வது. விரைவோட்டத்தின் தொடக்கத்திலோ பந்தை வலிந்து உதைக்கும்போதோ "டக்" என்றோர் ஒலி. பிள்ளை அவ்விடத்திலேயே விழும். வளர்ந்தவர்க்குத் தசை கிழியும் இடத்தில், 14 முதல் 17 வயதினர்க்குத் தசைநாண் எலும்புத் துண்டொன்றையே பெயர்த்துக்கொண்டு வரும். பெரும்பாலும் சத்திரசிகிச்சையின்றி ஓய்வினாலேயே ஆறிவிடும். ஆனால் அந்த ஓய்வு சில கிழமைகள் நீளும். நெடுந்தூரம் ஓடுவோர்க்குத் தொடையெலும்பின் கழுத்தில் மெல்லிய வெடிப்பு ஏற்படலாம். ஓடும் பெண்பிள்ளை போதிய அளவு உண்ணாது மெலிந்து, மாதவிடாயும் நின்றுபோனால் எலும்பு வலிமை இழக்கின்றது. இதைத் தாய்மார் வெட்கத்தால் மறைத்தல் கூடாது.

வளரும் வயதில் இடைவிடாது கடும் பயிற்சி செய்யும் உதைபந்தாட்ட வீரர்க்குத் தொடையெலும்பின் கழுத்தருகே எலும்பு புடைத்து வளர்வதையும், அப்புடைப்புப் பின்னாளில் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பை நெருக்கிக் கிழிக்கக்கூடும் என்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். இதன் நோவு தொடையிடுக்கின் ஆழத்தில் தோன்றும். நெடுநேரம் இருக்கையில் மிகும். ஆதலால் ஒரே விளையாட்டை ஆண்டு முழுதும் ஆடச்செய்வதை நான் ஏற்பதில்லை. பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணித்தியாலங்களுக்கு மேல் ஒரு கிழமையில் பயிற்சி வேண்டாம் என விளையாட்டு வைத்தியர் பலர் கூறும் அளவு எளிதில் நினைவிற்கொள்ளத்தக்கது. அதில் நடன வகுப்பையும் சேர்த்தே எண்ணுதல் நன்று. அரைமண்டியில் தொடை வெளிப்புறம் திரும்பும் அளவு எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒன்றன்று. வலிந்து திருப்பினால் அந்தச் சுமையை முழங்கால் ஏற்கும்.

ஆண்டி மரே 2017 ஆம் ஆண்டு விம்பிள்டனில் நொண்டியபடி ஆடியதையும், 2019 சனவரியில் இடுப்பு மூட்டுக்கு உலோக உறை பொருத்தியபின் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப்பில் வெற்றிக் கிண்ணம் ஏந்தியதையும் எம் பிள்ளைகள் வியந்து பேசுகின்றனர். வியப்புக்குரியதே. எனினும் அந்தச் சத்திரசிகிச்சையின்போது அவருக்கு வயது 31; எலும்பு வளர்ந்து முடிந்தவர். பதின்மூன்று வயதினர் அவரைப் பார்த்து நோவோடு ஆடக் கற்கலாகாது.

மாணவச் செல்வங்களே, நோவு எங்கே என்று அம்மம்மா கேட்டால் "இடுப்பு" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். முதுகின் அடிப்பகுதி நாரி; காலும் உடலும் முன்புறம் மடியும் இடம் தொடையிடுக்கு. இரண்டையும் இடுப்பென்றே சொல்லிவிடுவது எம் வழக்கம். ஒரு விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, இரவில் உறக்கத்தைக் கெடுக்கிறதா என்பவற்றையும் சொல்லுங்கள். வைத்தியரும் முதலில் இவற்றையே கேட்பார்.