யெகூவைப் போல ஓட்டலாமா?



2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதிலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கார் பந்தயத்தின்மேல் ஒரு கண். பரீட்சை முடிந்ததும் ஒரு ரேஸ் கேம் வேண்டும் என்ற விண்ணப்பம் பல வீடுகளில் காத்திருக்கிறது. கேமே கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஜுபைலின் கோடை வெயிலில் பிள்ளைகள் வெளியே எங்கே போய் விளையாடுவார்கள்? வாங்குவதென்று முடிவு செய்தால், நிஜத்தை ஒட்டிய சிமுலேஷன் கேமையே வாங்குவோம் என்பதே நம்முடைய கருத்து.

இந்தத் தொழில்நகரத்துத் தகப்பன்மாருக்கு சிமுலேட்டர் புதிதல்ல. பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்கள் அதில்தான் பழகுகிறார்கள். தவறான வால்வைத் திறந்தால் பிரஷர் ஏறும், அலாரம் அடிக்கும், யூனிட் ட்ரிப் ஆகும். தவறின் விளைவை மறைக்காமல் காட்டுவதால்தான் அது பயிற்சி. ரேஸ் கேமையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

சில கேம்களில் சுவரில் மோதினாலும் கார் பறக்கும். போலீஸை ஏமாற்றித் தப்பினால் பரிசு கிடைக்கும். சிமுலேஷன் அப்படியல்ல. வளைவுக்கு முன்பே பிரேக் போடாதவன் பாதையை விட்டு வெளியே போவான். கிரான் டூரிஸ்மோ 7 கேமில் லைசென்ஸ் தேர்வுகள் உண்டு. ஆன்லைன் பந்தயத்தில் அடுத்தவரை இடித்தால் நன்னடத்தை மதிப்பெண் குறையும். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோனே, ஐரேசிங் ஆகியவற்றிலும் பாதுகாப்பாக ஓட்டுவதற்குத் தனி மதிப்பீடு உண்டு. பந்தயச் சாலையில் ஓடுகிறவனுக்கு இச்சையடக்கம் வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இங்கேயும் பொருந்துகிறது.

செலவையும் கணக்குப் பார்ப்போம். ஐரேசிங்கிற்குச் சந்தா கட்டவேண்டும்; பல கார்களையும் டிராக்குகளையும் தனியாக வாங்கவேண்டும். கிரான் டூரிஸ்மோ 7-ல் கேமுக்குள் கார் வாங்கும் கிரெடிட்டை நிஜப் பணம் கொடுத்தும் பெறலாம். அப்பாவின் கார்டு எண்ணை அதில் பதிந்து வைக்க வேண்டாம். ஸ்டீயரிங், பெடல் செட் கேமைவிட விலை கூடியது. முதலில் சாதாரண கண்ட்ரோலரில் ஓட்டட்டும். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குறையாவிட்டால், ஃபைனல் எக்ஸிட்டில் ஊர் திரும்புகிற யாராவது விற்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

நேரத்துக்கும் வரம்பு வேண்டும். ஆன்லைன் பந்தயத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடும்போது "இன்னும் இரண்டு லேப்" என்று பதில் வராதபடி, முன்பே பேசி நேரம் குறித்துக்கொள்வோம்.

தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கேம் ஆடியே நிஜப் பந்தய வீரரான ஜான் மார்டன்பரோவின் கதையை 2023-ல் வந்த சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 2011-ல் கேம் போட்டியில் வென்ற அவர், 2013-ல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் ஓட்டினார். ஆனால் 2015-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் அவருடைய கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. பார்க்க வந்திருந்த ஒருவர் உயிரிழந்தார். எத்தனை நல்ல சிமுலேஷனாலும் கற்றுத்தர முடியாத பாடம் அது. கேமில் மறுபடியும் தொடங்க ஒரு பொத்தான் உண்டு. தம்மாம் போகிற சாலையில் அது இல்லை. பதினெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்து அந்தச் சாலையில் இறங்கும்போது, கேமில் பழகிய வேகமல்ல, கேமில் பழகிய பொறுமையே உங்களோடு வரட்டும்.

இரண்டாம் இராஜாக்கள் 9-ஆம் அதிகாரத்தில், தூரத்தில் வருகிற ரதம் ஓடுகிற விதத்தைப் பார்த்தே அது யெகூவாக இருக்கவேண்டும் என்று காவற்காரன் சொல்லிவிடுகிறான். முகம் தெரியுமுன்னே ஓட்டம் ஆளைக் காட்டிவிட்டது. பெற்றோரே, வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைப் பாருங்கள். தோற்றால் கண்ட்ரோலரை எறிகிறானா, இடித்துவிட்டுச் சிரிக்கிறானா, பின்னால் வருகிறவனுக்கு வழி விடுகிறானா? அவனைப் பற்றி நமக்குத் தெரியாத சில காரியங்கள் அங்கே தெரியவரும்.