சன்மைக்காவும் மோரியும்

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு குடும்பம் தன் சமையலறையைப் புதுப்பிக்க முடிவுசெய்தால், அடுத்த சில வாரங்கள் கேள்விகளிலேயே கழிகின்றன. மேடைக்குக் கிரானைட்டா, குவார்ட்ஸா? அலமாரிக் கதவுக்கு மங்கலான சன்மைக்காவா, பளபளக்கும் அக்ரிலிக்கா? வடிவமைப்பாளர் மாதிரித் துண்டுகளைப் பரப்பிவைத்து விடைக்குக் காத்திருக்கிறார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் தாராவி இருக்கிறது. அங்கே விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் பெண்ணின்முன் அத்துண்டுகளைப் பரப்புவார் எவருமில்லை. முன்னவருக்குப் பெயர் ‘வாடிக்கையாளர்’. பின்னவருக்குப் பெயர் ‘பயனாளி’. ஆங்கிலத்தின் ‘கிளையண்ட்’ என்னும் சொல்லோ, புரவலனை அண்டி வாழ்ந்தவனைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அண்டி வாழ்ந்தவன் பெயர் இன்று பணம் தருபவருக்கு உரியதாகிவிட்டது.

பொருள் தேர்வு ரசனையின்பாற்பட்டது என்பது வடிவமைப்பு வகுப்பறைகளில் வழங்கும் எளிய சூத்திரம். புளியும் எலுமிச்சையும் மோரும் அன்றாடம் சிந்தும் தமிழ்ச் சமையலில் இது நில்லாது. பளிங்கு சுண்ணாம்பின் வகை. புளிப்பு பட்டால் அரித்து மங்கும். மும்பையின் பழைய சமையல் மேடைகளில் காணும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல்லே எனினும், அதன் கருமை கறையை மறைத்துக்கொள்கிறது, விலையும் குறைவு. குவார்ட்ஸ் பலகை பிசினால் பிணைக்கப்பட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேரே வைத்தால் நிறம் மாறும். அதை அறுக்கும் தொழிலாளரின் நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசியின் பொருட்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அத்தகைய செயற்கைக் கல்லையே தடைசெய்தது. கழுவுதொட்டியின் கீழ் மலிவான துகள்பலகை வைத்தால் நான்கு மழைக்காலத்துள் ஊதிவிடும், ஐ.எஸ். 710 தரத்து ஒட்டுப்பலகை தாங்கும். இவை யாவும் வேதியியலும் உழைப்பும் பற்றிய வினாக்கள். நிறம் இவற்றுக்குப் பின்னரே வருகிறது. ஆயினும் மாதிரித் துண்டுகளின் மேசையில் நிறமே முதலில் பேசப்படுகிறது என்பதால், பணம் தந்து கேள்வி கேட்கப்படுபவர்கூட நல்ல விடையோடு வீடு திரும்புவதில்லை.

தாராவியில் அடுக்களை என்பது பட்டறையும் ஆகும். மாவரைக்கும் இயந்திரம், அவிக்கும் அண்டா, விடிந்ததும் மிதிவண்டியில் ஏறும் பாத்திரங்கள் எல்லாம் ஒரே அறையில் அடங்குகின்றன. அப்பளம் இடும் பெண்கள் கவிழ்த்த கூடைகளின்மேல் சந்திலேயே உலர்த்துகிறார்கள். அறையின் மூலையில் சிறு தடுப்புக் கட்டி வடிகால் வைத்த இடத்தை மும்பைத் தமிழர் மராத்தியிலிருந்து எடுத்து ‘மோரி’ என்கின்றனர். சமையல் மேடை ‘ஓட்டா’. அரிசி களைவதும் பாத்திரம் துலக்குவதும் குளிப்பதும் மோரியிலேயே நிகழ்கின்றன. குந்தி அமர்ந்து பெரும் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவ இடம் தரும் அமைப்பு அது. இடுப்புயரத்தில் எவர்சில்வர்த் தொட்டி ஒன்றைப் பதித்துவிட்டு அதற்கு ஈடு செய்ததாகக் கருதுவோர் அப்பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தவரல்லர்.

தகுதி பெற்ற தாராவிக் குடும்பங்களுக்குக் குறைந்தது 350 சதுர அடி வீடு, தனிச் சமையலறையும் கழிப்பறையும் உட்பட, என 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. தகுதியை வரையறுக்கும் நாள் 2000 ஜனவரி 1. பேச்சு முழுவதும் சதுர அடியைப் பற்றியது. தரையின் சரிவு, வடிகால், கிரைண்டரைத் தாங்கும் மின்னிணைப்பு, நீராவி வெளியேறும் வழி ஆகியவை சதுர அடிக்குள் வாரா.

இருப்பதைவிடப் பெரிய வீடு கிடைக்கும்போது ஓட்டாவின் கல்லைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கூறுவர். 1926-இல் பிராங்க்பர்ட் நகராட்சிக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வகுத்த சமையலறை ஏறத்தாழ 6.5 சதுர மீட்டர்தான். அதற்குள் நடையும் கையசைவும் கணக்கிடப்பட்டன. மாவுப்பெட்டி புழுவை விலக்கும் ஓக் மரத்தால் ஆனது. அலமாரிகளுக்கு ஈ அண்டாது என்று நம்பப்பட்ட நீலம் பூசப்பட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது நிறுவப்பட்டது. இடம் குறைந்தவருக்கும் பொருளை ஆய்ந்து தேர்ந்தார்கள். (அவரும் சமைத்துப் பழகியவரல்லர், பெண்ணை ஒற்றை ஆளாக அடைத்துவிட்டது அந்த அறை என்று பின்வந்த பெண்ணியர் கண்டித்ததில் நியாயமுண்டு. கடன் வாங்க வேண்டியது அவருடைய அளவுநாடாவை மட்டுமே.)

மும்பையில் கட்டடக்கலைக்கும் சமூகவியலுக்கும் துறைகள் உள்ளன. தாராவியைப் பற்றிய ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. இனி எழுதுவோர், மாவு அரைபடும் நேரத்தில் அங்கே சென்று, ஒரு நாளில் எத்தனை குடம் நீர் மோரியில் இறங்குகிறது, அண்டா நிறைந்தால் எத்தனை கிலோ, அதை இறக்கிவைக்கும் கல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பவற்றை அளந்து முதல் அட்டவணையில் தரட்டும். மேடையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணையும் கேட்டு, அவர் கை வைத்துக் காட்டும் இடத்தைச் சுவரில் குறிக்கட்டும்.