ஸ்டூடியோ இல்லையே என்று இருந்துவிட வேண்டாம்

ஏ.எல். ரிசல்ட் வந்த பிறகுதான் "சேர், மியூசிக் புரொடக்ஷன் டிகிரிக்கு போட்ஃபோலியோ கேக்கிறாங்க, என்ன செய்யிற?" என்று பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ஒரு வாரத்தில் செய்து முடிக்கிற வேலையா அது?

கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கவும் இசட் ஸ்கோர் மட்டும் போதாது, செய்முறைப் பரீட்சை இருக்கிறது. வெளிநாட்டு இசைத் தயாரிப்புப் படிப்புகள் பலவற்றுக்குப் பிள்ளை தானே செய்த பதிவுகள் வேண்டும்.

அதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. கிரான் பக்கத்துக் கூத்துக் களரியில் மத்தளமும் சல்லரியும் இருக்கின்றன. எங்கள் ஆட்களிடம் களிகம்பும் றபானும் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளைக்கு இலேசில் கிடைக்காத ஒலிகள் இவை. போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துணி மேல் வையுங்கள். மத்தளத்துக்குக் கிட்ட வைத்தால் சத்தம் கிழியும், நாலு முழமாவது தள்ளி வைக்க வேண்டும். வெட்டி அடுக்க போனில் பான்ட்லாப், கம்பியூட்டரில் ஒடாசிட்டி, இரண்டும் இலவசம். இன்டர்நெட்டில் எடுத்த லூப்பை ஒட்டிய பத்துப் பாட்டை விட, சொந்தமாக முடித்த மூன்று மேல். யார் வாசித்தது, எங்கே பதிந்தது, தான் என்ன செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதட்டும். அண்ணாவியாரிடம் கேட்காமல் பதியக் கூடாது, அவர் பெயரையும் போட வேண்டும்.

இசை என்றதும் முகம் சுளிக்கிற பெற்றார் எங்களில் இருக்கிறார்கள். ஒலிப்பதிவு தெரிந்தவருக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேலை இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஏ.எல். முதல் வருடத்திலேயே தொடங்க விடுங்கள். பாடசாலை விட்ட பிறகு பதிவைக் கொண்டு வந்தால் இருந்து கேட்க நாங்கள் தயார்.