மாற்று மையம் இருந்தும் முடங்கிய சந்தை

2021 பிப்ரவரி 24ஆம் தேதி மும்பை தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு நின்ற வியாபாரம், பிற்பகல் 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. கைகொடுக்க வேண்டிய மாற்றுக் கம்ப்யூட்டர் மையம் சென்னையில் இருந்தது. ஆனாலும் அங்கு மாறவில்லை!

மாறுவதிலும் அபாயம் உண்டு. மாற்று மையத்தின் கணக்கு சில நொடி பிந்தியிருந்தாலும், நடந்த வியாபாரம் ஏட்டில் விடுபடும். அதற்காகக் கைகட்டி நிற்பதா?

அடுத்த மாதமே 'செபி' உத்தரவு போட்டது: கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையம் இயங்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று, நேரடி வியாபாரத்திலேயே ஒத்திகையும் நடந்தது.

நம் சம்பளமும், ஊருக்கு அனுப்பும் பணமும் இன்று கம்ப்யூட்டர் கணக்கில்தான் இருக்கின்றன. மாற்று இயந்திரம் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. மாறச் சொல்ல ஆளும், அதற்குக் கெடுவும், அடிக்கடி ஒத்திகையும் வேண்டும்.